நல்லெண்ணெய் வந்த வழி

எள்ளிலிருந்து எடுக்கப்பட்ட நெய்யே முதலில் எண்ணெய் எனப்பட்டது. எள்நெய் என்பது எண்ணெய் ஆகி, பின்னர்த் தேங்காய், ஆமணக்கு, வேம்பு முதலியவற்றின் நெய்க்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. தன் பெயரைப் பிறவற்றுக்கு வழங்கிவிட்ட எள்ளின் எண்ணெய்க்குத் தமிழர் நல்லெண்ணெய் என்று தனிப்பெயர் இட்டனர். சனிக்கிழமை முழுக்குக்கும் தீபாவளி நீராட்டுக்கும் அதுவே வேண்டும். கோயில் விளக்குக்கும் அதுவே வேண்டும். பிள்ளை பெற்றவளின் பத்தியத்திலும் அதற்கு இடம் உண்டு. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பது பழமொழி. வாணியன் என்பவன் செக்காட்டி எண்ணெய் எடுத்து விற்பவன். அவனுக்குக் கொடுக்கும் காசு வைத்தியச் செலவை மிச்சப்படுத்தும் என்பது அப்பழமொழியின் கருத்து.

இத்துணை நம்பிக்கைக்கு உரிய பொருளே 1977, 1978 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஒரு நஞ்சைச் சுமந்து வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட இளம் பெண்பிள்ளைகளின் நரம்புகள் அதனால் சிதைந்தன. உணவுக்கும் நரம்பு நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. எதை உண்ணலாம், எதை விலக்கலாம் என்பதே பெரும்பாலும் அப்பேச்சின் பொருளாக இருக்கிறது. மலைநாட்டில் நிகழ்ந்ததை ஆராய்வோர்க்கு வேறொரு கேள்வியும் எழுகின்றது. உண்ணும் பொருள் எந்த வழியாக, எந்தக் கலத்தில், எவரெவர் கைமாறி அடுப்படிக்கு வந்து சேர்ந்தது என்பதே அக்கேள்வி.

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி என விரியும் மலைநாடு, தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளும் நாடாக அமைக்கப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். கோப்பியை இலைநோய் அழித்த காலத்தில், 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கியிருந்த தேயிலைப் பயிர்ச்செய்கை எங்கும் பரவியது. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து கடல் கடந்து வந்த மக்கள் அம்மலைகளில் குடியேறினர். அவர்கள் உண்ண வேண்டிய அரிசி அங்கே விளையவில்லை. கீழிருந்து மாட்டு வண்டிகளில் அரிசி ஏறியது. மேலிருந்து கோப்பியும் தேயிலையும் இறங்கின. 1884 ஆம் ஆண்டில் ரயில் பாதை ஹட்டனை எட்டியபின் வண்டியின் வேலையை ரயில் ஏற்றது. ஆனால் மலைமக்களின் உணவு வெளியிலிருந்தே வரவேண்டும் என்ற நிலை மட்டும் மாறவில்லை.

அரிசியைத் தோட்ட நிர்வாகமே வரவழைத்துத் தொழிலாளருக்கு அளந்தது. அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலியை நிர்ணயித்தபோதே தோட்டத்தில் வழங்கப்படும் அரிசியின் விலைக்கும் வரம்பு கட்டியது. கூலியையும் அரிசியையும் ஒரே சட்டத்தில் வைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அரிசி எவர் கையில் இருந்தது என்பது விளங்கும். தாய்நாட்டுக் கிராமத்தில் வாணியன் இன்னார், அவன் செக்கு இன்ன தெருவில் இருக்கிறது என்று ஊரார் அறிந்திருந்தனர். எள்ளோ வறண்ட நிலத்துப் பயிர். மழையும் பனியும் சூழ்ந்த தேயிலை மலையில் எள் விளையாது, செக்கும் இல்லை. எனவே அரிசியைப் போலவே நல்லெண்ணெயும் கண்காணாத இடத்திலிருந்து, தகரத்திலோ பீப்பாயிலோ ஏறி வரவேண்டிய பொருளாயிற்று.

உணவு வரும் வழி நரம்பைக் காப்பதும் உண்டு, கெடுப்பதும் உண்டு என்பதை மருத்துவ உலகம் அரிசியின் மூலம் அறிந்தது. அக்கதை இங்கே சுருக்கமாக நினைவுகூரத் தக்கது. ஆசிய நாடுகள் பலவற்றில் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை பல்லாயிரவரை வீழ்த்திய நோய் பெரிபெரி. கால்கள் மரத்துத் தளரும், நடை குலையும், முற்றினால் இதயம் பழுதுறும். அப்பெயரே 'இயலாது, இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது எனப் பலர் கூறுவர். இந்நோய்க்குக் கிருமியே காரணம் என்று அக்கால அறிஞர் நம்பினர். யாவாத் தீவில் ஆய்வு நடத்திய கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டபின் அவை எழுந்து நடப்பதையும் 1890 ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். இப்பணிக்காக 1929 ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கண்டுபிடிப்பு உறுதிப்பட்டதில் தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப் பானைக்கும் ஒரு பங்கு உண்டு. மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பணியாற்றிய பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர், பெரிபெரி சீனத் தொழிலாளரைப் பெருவாரியாகத் தாக்குவதையும், அதே நாட்டில் உழைத்த தமிழரை அரிதாகவே தீண்டுவதையும் கண்டார். இரு சாராரும் அரிசியையே உண்டனர். சீனர் உண்டது இயந்திரத்தில் தீட்டிய பச்சை அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1907 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டினார். அதன்பின் பிரேசர், ஸ்ராண்டன் என்னும் இருவர், காட்டில் சாலை போடும் ஏறத்தாழ 300 யாவானியத் தொழிலாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்கு வெள்ளை அரிசியும் மறு பகுதியினர்க்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தனர். நோய் வெள்ளை அரிசியைப் பின்தொடர்ந்தே சென்றது.

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்துவதே புழுக்குதல். அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. உயிர்ச்சத்து 'பி1' என்று இன்று வழங்கும் அப்பொருள் இன்றேல் நரம்பு தன் எரிபொருளைப் பயன்படுத்த இயலாது தளர்கிறது. மலாயாவுக்குச் சென்றவர்களும் மலைநாட்டுக்கு வந்தவர்களும் பெரும்பாலும் ஒரே மாவட்டங்களின் மக்கள். புழுங்கல் அரிசி உண்ணும் வழக்கத்தை இரு சாராரும் உடன்கொண்டு சென்றனர். படித்தறியாத பாட்டிமார் பேணிய ஒரு வழக்கம், ஆய்வுகூடங்கள் பெயரிடுமுன்பே அவர்தம் மக்களின் நரம்புகளைக் காத்தது. ஆலை ஒன்று நெல்லை எவ்வாறு பக்குவம் செய்தது என்பதைப் பொறுத்து, அந்த ஆலையைக் கண்டிராத ஒருவன் நடப்பதும் தளர்வதும் அமைந்தன.

இனி 1970களுக்கு வருவோம். மலைநாட்டு மக்களுக்கு அப்பத்தாண்டு மிகக் கொடியது. 1973 ஆம் ஆண்டில் உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டது; வெளிநாட்டு உணவின் விலை விண்ணை எட்டியது. காணியோ தோட்டமோ தமக்கெனச் சொந்தமில்லாத தொழிலாளர்க்குக் கடைத்தெருவை விட்டால் வேறு புகலில்லை. 1974 ஆம் ஆண்டில் தோட்டங்களில் இறப்பு விகிதம் கடுமையாக உயர்ந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் உடைமையாயின. நிர்வாகங்கள் மாறின, குடும்பங்கள் சில இந்தியா செல்லக் காத்திருந்தன. இவ்வாறான ஒரு காலத்திலும் லயத்து வீடுகளில் பெண்பிள்ளைகள் வளர்ந்தனர், பருவம் எய்தினர், இயன்ற அளவில் சடங்குகளும் நடந்தன.

பெண் வயதுக்கு வந்தால் அவளைத் தனியே அமர்த்தி, சில நாட்கள் சிறப்பு உணவு அளிப்பது தமிழர் வழக்கம். உளுந்தங்களி, பச்சை முட்டை, அதனுடன் நல்லெண்ணெய் ஆகியன அவ்வுணவில் முக்கியமானவை. எண்ணெயைச் சமையலிற் சேர்ப்பதோடு அமையாது, பச்சையாகவே குடிக்கக் கொடுப்பதும் உண்டு. இடுப்பு எலும்பு உரம்பெறும், பின்னாளில் பிள்ளைப்பேறு எளிதாகும் என்பது பெரியோரின் நம்பிக்கை. தாய்மாமன் வரிசை கொண்டுவருவான். அத்தைமார் பக்குவம் செய்வர். வீட்டில் உள்ளோர் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பழக்கம் பெண்களுக்கே உரியதாயிருந்த குடும்பங்களில், அந்தச் சில நாட்களில் மட்டும் அவள் முதலில் உண்டாள், சிறந்ததை உண்டாள். முட்டையும் உளுந்தும் எள்ளும் வளரும் பிள்ளைக்கு ஏற்ற உணவு என்பதை இன்றைய உணவியலும் ஒப்புக்கொள்ளும்.

இத்தகைய பெண்பிள்ளைகளுக்கே அந்த நோய் வந்தது. முதலில் கெண்டைக்காலில் வலி. பின்னர்ப் பாதம் தூக்க இயலாமல் தொங்கிற்று. நடக்கும்போது விரல்கள் நிலத்தில் உரசின. அதன்பின் கைகளிலும் தளர்ச்சி பரவி, மணிக்கட்டும் விரல்களும் வலுவிழந்தன. உணர்ச்சி பெரிதும் மங்கவில்லை. ஆனால் தசைகளை இயக்கும் வலிமை மட்டும் அகன்றது. காய்ச்சலைத் தொடர்ந்து வரும் இளம்பிள்ளை வாதம் போன்றும் இது இல்லை. பெரிபெரியின் சாயல் இருந்தாலும் சத்துக்குறைவால் வருவதாயின் வீட்டிலுள்ள பிறரையும் அது விட்டிருக்காது. ஒரே லயத்தில், ஒரே பானைச் சோற்றை உண்டவர்கள் நலமாக இருக்க, அண்மையில் வயதுக்கு வந்த பெண் மட்டும் ஏன் விழவேண்டும்?

நிமல் சேனாநாயக்க, ஜே. ஜெயரட்ணம் என்னும் இரு மருத்துவ அறிஞர் இப்புதிருக்கு விடை கண்டனர். நோயாளிகளைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திய உணவு எது என்று தேடியபோது, அது நல்லெண்ணெயில் வந்து நின்றது. மலைநாட்டு வீடுகளில் நாள்தோறும் சமைக்கப் பயன்படுவது தேங்காயெண்ணெய். நல்லெண்ணெயோ விலைகூடிய சிறப்புப் பொருள். சடங்குக்கு உரிய பெண்ணுக்கெனவே வாங்கப்படுவது. அவ்வெண்ணெயை ஆராய்ந்தபோது அதில் டிரைகிரெசில் பொஸ்பேற்று என்னும் இரசாயனம் கலந்திருப்பது தெரியவந்தது. 1981 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் இச்செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டில் நரம்பியல் ஏடொன்றில் வந்த விரிவான கட்டுரை, அப்பெண்களை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்ததன் முடிவைத் தந்தது.

அந்த இரசாயனம் உணவோடு எவ்வகையிலும் தொடர்புடையதன்று. இயந்திரங்களின் உராய்வைக் குறைக்கும் மசகெண்ணெயில் அது சேர்க்கப்படுகிறது. பிளாஸ்ரிக்கை மென்மையாக்கவும் உதவுகிறது. அது நல்லெண்ணெயிற் புகுந்தது எவ்வாறு? முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலங்களிலேயே நல்லெண்ணெய் கொண்டுசெல்லப்பட்டது. அவற்றில் எஞ்சியிருந்த நஞ்சே கலந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எவரும் அப்பெண்களுக்குத் தீங்கு நினைத்ததற்குச் சான்றில்லை. வெறுங்கலம் ஒன்றை வீணாக்குவானேன் என்ற சிக்கன எண்ணமே அங்கே வேலை செய்திருக்கலாம். நஞ்சுக்கு வேண்டாத மணமோ சுவையோ இருந்திருந்தால் தாயோ பாட்டியோ முதல் வாயிலேயே கண்டுபிடித்திருப்பாள். எண்ணெயோடு எண்ணெயாகக் கலந்துவிடும் அப்பொருளை நாவும் மூக்கும் அறிய இயலவில்லை.

இந்நஞ்சின் இன்னொரு கொடுமை, அது உடனே வெளிப்படாமை. உண்ட அன்று வயிற்றுக் கோளாறு சிறிது தோன்றினாலும் தோன்றலாம். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே கால் தளரும். அதற்குள் சடங்கு முடிந்திருக்கும். எண்ணெய்ப் போத்தல் வெறுமையாகியிருக்கும். நேற்று உண்டதற்கும் இன்று வந்த நோவுக்கும் முடிச்சுப்போட மனிதன் அறிவான். மூன்று வாரத்துக்கு முன் உண்டதை எவர் ஐயுறுவர்? மேலும், தோட்டங்கள் மலைக்கொன்றாகச் சிதறிக் கிடப்பவை. அங்கொரு பெண், இங்கொரு பெண் என நோயுறும்போது அது தனித்தனிக் குடும்பங்களின் துயரமாகவே தோன்றும். பலரை ஒருங்கே பார்த்து, ஒரே கேள்வியைப் பலமுறை கேட்கும் மருத்துவர் அமைந்தாலன்றி அது ஒரு கொள்ளைநோய் என்பது புலப்படாது.

நஞ்சு பாதத்தையும் கைவிரலையும் முதலில் தாக்கியதற்கு உடலமைப்பிலேயே காரணம் உண்டு. முதுகின் அடியிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பு நார்கள் ஒரு மீற்றர் அளவு நீளமானவை. நரம்பணு தன் நுனிவரை ஊட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். நரம்பணுவுக்குள் உள்ள ஒரு நொதியத்தை இந்த இரசாயனம் முடக்கிவிடுகிறது. அதன்பின் மிக நீண்ட நார்களே முதலில் நுனியிலிருந்து சிதைகின்றன. பிறவியிலேயே இந்நொதியத்தின் மரபணு பழுதுற்றவர்களுக்குக் கால்கள் விறைத்துத் தளரும் நரம்புச் சிதைவு நோய் உண்டாவதை 2008 ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டனர். நஞ்சினால் வரும் நோயும் பரம்பரையால் வரும் நோயும் ஒரே வாயிலில் சந்திப்பதை அக்கண்டுபிடிப்பு காட்டிற்று.

உடலியலின் இவ்விதி மலைநாட்டில் வாழ்க்கையின் விதியாகவும் ஆனது. செங்குத்தான சரிவில் வழுக்காமல் ஊன்றும் பாதமும், இரண்டு இலையும் ஒரு குருத்தும் கிள்ளும் விரலுமே கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதல். கூடையின் எடைக்கே கூலி. பள்ளிக்கூடத்தை விட்டபின் தாயோடு மலையேறுவதே பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்குத் திறந்திருந்த வழி. அந்நஞ்சு தாக்கியது மிகச் சரியாக அந்தப் பாதத்தையும் அந்த விரலையுமே. நகரத்து அலுவலகத்தில் மேசைமுன் அமர்ந்திருப்பவர்க்குக் கால் தளர்வது பெருந்துன்பம். தோட்டத்துப் பெண்ணுக்கோ அதனுடன் பிழைப்பும் திருமணப் பேச்சும் சேர்ந்தே தளர்ந்துவிடும்.

மூன்றாண்டுக் கவனிப்பின் முடிவுகள் ஆறுதலையும் கவலையையும் ஒருங்கே தந்தன. கைகால்களில் ஓடும் புற நரம்பு அறுந்த இடத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் மீண்டும் வளரக்கூடியது. ஆகவே கைகளின் வலிமை மெல்லத் திரும்புவதற்கும், கால்கள் ஓரளவு தேறுவதற்கும் இடமிருந்தது. ஆனால் முள்ளந்தண்டினுள் இறங்கும் நரம்பு வடத்தின் நார்களுக்கு அவ்வாறு வளரும் ஆற்றல் இல்லை. புற நரம்பின் தளர்ச்சி நீங்க நீங்க, அதுவரை மறைந்திருந்த வடத்தின் பழுது விறைப்பாக வெளிப்பட்டது. தளர்ச்சி போய் விறைப்பு வந்த கால்களோடு சிலர் வாழவேண்டியதாயிற்று.

இது மலைநாட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. 1930 ஆம் ஆண்டில், மதுவிலக்கு நடைமுறையிலிருந்த ஐக்கிய அமெரிக்காவில், மதுவுக்குப் பதிலாக ஏழைகள் அருந்திய இஞ்சிச் சாற்றில் இதே இரசாயனத்தை வணிகர் கலந்தனர். பல்லாயிரவர் கால் முடங்கினர். 1937 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், மசகெண்ணெய் இருந்த பீப்பாய்களில் வைக்கப்பட்ட சமையலெண்ணெயால் இந்நோய் பரவியது. 1959 ஆம் ஆண்டில் மொறோக்கோவின் மெக்னஸ் நகரை அடுத்து, விமான இயந்திர எண்ணெயைச் சமையலெண்ணெயோடு கலந்து விற்றதனால் ஏறத்தாழ 10,000 மக்கள் பாதிக்கப்பட்டனர். 1988 ஆம் ஆண்டில் கல்கத்தாவின் பெகாலாப் பகுதியில் கடுகெண்ணெயின் இனத்தைச் சேர்ந்த எண்ணெயால் பல நூற்றுவர் வீழ்ந்தனர். சில இடங்களில் பேராசை, சில இடங்களில் அசட்டை. எங்கும் விழுந்தவர்கள் மலிவான கடையில் சில்லறையாக வாங்கும் எளியவர்களே.

இச்செய்தியைக் கேட்கும் ஒருவர், பெண்ணுக்கு எண்ணெய் குடிக்கக் கொடுத்த பழைய வழக்கத்தின்மேல் பழியைப் போடக்கூடும். அது நியாயமாகாது. பச்சையாகவும் நாள்தோறும் கொடுத்தமையால் நஞ்சின் அளவு அவள் உடலில் மிகுந்தது உண்மை. ஆனால் அவ்வழக்கம் பல தலைமுறைகளாக எவரையும் முடமாக்கவில்லை. செக்குக்கும் வீட்டுக்கும் இடையே தெரு ஒன்றே இருந்தவரை அது தீங்கற்றதாகவே இருந்தது. இடையில் கடலும் கிட்டங்கியும் தரகரும் பழைய பீப்பாயும் புகுந்தபின்னரே அது ஆபத்தாயிற்று. அதுமட்டுமன்று, சடங்குப் பெண்களுக்கெனவே அவ்வெண்ணெய் ஒதுக்கப்பட்டிருந்ததனாற்றான் மருத்துவர்களுக்குத் தடயம் கிடைத்தது. எல்லோர் கறியிலும் அது சிறிது சிறிதாகக் கலந்திருந்தால், காரணத்தைக் கண்டுபிடிப்பது பன்மடங்கு கடினமாகியிருக்கும். குடும்பம் தன் பெண்ணின்மேல் வைத்த அன்பை நஞ்சு ஒரு வாகனமாக்கிக்கொண்டது. அன்பைக் குறைகூறிப் பயனில்லை.

நரம்பையும் மூளையையும் மெல்ல மெல்லச் சிதைக்கும் முதுமை நோய்கள் இன்று மலைநாட்டிலும் கவனத்திற்கு வருகின்றன. நினைவை அழிக்கும் அல்சைமர் நோய்க்கு மருந்துணவு என்று சொல்லத்தக்க ஒன்று இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கீரை, பழவகை, கொட்டை வகை, மீன் ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட உணவுமுறை ஒன்றை 604 முதியோரிடம் மூன்றாண்டு சோதித்த அமெரிக்க ஆய்வு 2023 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒப்புநோக்கப்பட்ட மற்றக் குழுவினரைவிடத் தெளிவான நன்மை காணப்படவில்லை. ஆனால் 2015 ஆம் ஆண்டில் பின்லாந்தில் முடிந்த ஆய்வு, நல்லுணவோடு உடற்பயிற்சியும் மூளைப்பயிற்சியும் இரத்த அழுத்தக் கவனிப்பும் சேரும்போது சிந்தனை ஆற்றல் பேணப்படுவதைக் காட்டியது. 2024 ஆம் ஆண்டில் 'லான்செற்' ஏட்டின் நிபுணர் குழு, முதுமை மறதிக்கு மாற்றத்தக்க காரணிகள் 14 என வரையறுத்தது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகுந்த மதுப்பழக்கம் என்பன அவற்றுட் சில. இளமையிற் கல்வி குறைதலும் அவற்றுள் ஒன்று. அனைத்தையும் அகற்ற முடிந்தால், உலகில் இந்நோயுறுவோரில் நூற்றுக்கு 45 பேர் வரை அதைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு.

உப்பைக் குறை, சீனியைக் குறை, மதுவை விடு என்னும் அறிவுரைகளை ஒவ்வொருவரும் தம் வீட்டில் நின்றே கடைப்பிடிக்கலாம். மா ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிடி கீரையும் பருப்பும் சேர்க்க இயன்றவர் சேர்க்கலாம். ஆனால் பீப்பாயின் உள்ளே எது இருந்தது என்பதை எந்தத் தாயும் வீட்டில் நின்று அறிய முடியாது. அதை அறிவது பொதுக்கடமை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இலங்கையில் உணவின் தூய்மையைக் காக்கும் அதிகாரத்தை வகுத்துள்ளது. அச்சட்டத்தின் கை ஹட்டன் நகரக் கடைத்தெருவோடு நின்றுவிடாமல், தோட்டத்துச் சில்லறைக் கடைவரை ஏறவேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. பூச்சிநாசினியும் களைநாசினியும் மசகெண்ணெயும் வந்த கலங்கள் இன்றும் தோட்டங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. மூடி இறுக்கமாக இருக்கிறது, கழுவினால் போயிற்று என்று அவற்றில் தண்ணீரும் எண்ணெயும் வைப்போர் உண்டு. பூச்சிநாசினிகளிற் பல, அன்று அப்பெண்களை முடக்கிய இரசாயனத்தின் இனத்தைச் சேர்ந்தவையே. எத்தனை முறை கழுவினாலும் அவை உணவுக்கு உரிய கலங்கள் ஆகமாட்டா. துளையிட்டு அவற்றைப் பயனற்றதாக்கிவிடுவதே நன்று.

வாணியனுக்குக் கொடு என்று சொன்ன முன்னோர், அவன் முகத்தை அறிந்தே சொன்னார்கள். இன்று எண்ணெய் விற்பவரின் முகம் தெரியாது. போத்தலின் மேலுள்ள எழுத்தே தெரியும். எங்கே ஆக்கப்பட்டது, எவர் அடைத்தார், எந்நாளில் அடைத்தார் என்பதை வாசித்து வாங்கக்கூடியவளாக ஒவ்வொரு பெண்பிள்ளையும் ஆகவேண்டும். எழுத்தில்லாத போத்தலாயின், கடைக்காரரிடம் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். 1977 ஆம் ஆண்டில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்குமாயின், இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் தம் கால்களால் மலையேறியிருப்பார்கள்.